பொம்மியின் வண்டியும் அம்மாவின் கைத்தடியும்

கேள்வி: எங்கள் நாய் பொம்மிக்குப் பதின்மூன்று வயதாகிறது. சென்ற ஆண்டு அதன் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கின. பாதம் மடங்கித் தரையில் உரச, காலை இழுத்துக்கொண்டு நடந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், வேறு காரணம் எதுவும் தென்படாததால் தண்டுவட நரம்புகள் சிதையும் டீஜெனரேட்டிவ் மைலோபதியாகத்தான் இருக்க வேண்டும் என்றும், அதைக் குணப்படுத்த முடியாது, ஆனால் வலி இருக்காது என்றும் சொன்னார். இப்போது பின்னங்கால்கள் முற்றிலும் செயலற்றுவிட்டன. சில மாதங்களாகச் சக்கர வண்டியில்தான் நடமாட்டம். முதலில் முரண்டு பிடித்த பொம்மி, இப்போது வண்டியைக் கையில் எடுத்தாலே குரைத்துக் கூப்பிடுகிறது. காலையில் பூட்டிவிட்டால் மாலை வரை வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள என் அம்மாவுக்கு வயது 71. கைத்தடி பிடிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர், பொம்மியைப் பார்த்துவிட்டுப் பரணில் கிடந்த தாத்தாவின் தடியைத் தானாகவே எடுத்துக்கொண்டார். "வாயில்லா ஜீவன், அது ஒரு வார்த்தை முனகுகிறதா? நானும் இனி முனகப்போவதில்லை" என்கிறார். உறவினர்களோ, "அதை ஏன் இப்படி வதைக்கிறீர்கள், ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடாதா" என்கிறார்கள். சில வாரங்களாக இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது, வலது முன்னங்காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. வயதுதானே என்று விட்டுவிட்டோம். நாங்கள் செய்வது சரியா? அது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறதா, அல்லது நாங்களாகவே அப்படி நினைத்துக்கொள்கிறோமா?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றக் கேள்விகள் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. இரவில் எழுந்து மூச்சு வாங்குவதையும் ஒரே முன்னங்காலைத் திரும்பத் திரும்ப நக்குவதையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. பகலெல்லாம் உற்சாகமாக ஓடித் திரியும் ஒரு நாய் இரவில் இப்படிச் செய்தால், அதற்கு எங்கோ வலிக்கிறது என்றே வைத்துக்கொண்டு, இல்லை என்பது உறுதியாகும்வரை அந்த எண்ணத்துடனேயே பரிசோதிப்பது கால்நடை மருத்துவர்களான எங்கள் வழக்கம். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பொம்மியைக் காட்டுங்கள்.

"வலி இருக்காது என்று அவர்தானே சொன்னார்" என்று நீங்கள் கேட்கலாம். அவர் சொன்னது சரியே. 1973-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய், தண்டுவடத்தின் நரம்பிழைகளை மெல்ல மெல்லச் சிதைக்கிறதே தவிர, தன்னளவில் வலியை உண்டாக்குவதில்லை. எஸ்ஓடி1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துடன் இதற்குத் தொடர்பு உண்டென்று 2009-இல் கண்டறிந்தார்கள். மனிதர்களைத் தாக்கும் ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பு நோயின் சில வகைகளிலும் இதே மரபணுதான் பழுதுபட்டிருக்கிறது. உயிருடன் இருக்கும் நாயில் இதை முழு உறுதியுடன் சொல்லும் பரிசோதனை கிடையாது. முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே இந்தப் பெயருக்கு வருகிறோம். உங்கள் மருத்துவர் "இருக்க வேண்டும்" என்று அளந்து சொன்னதிலிருந்தே அவர் கவனமானவர் என்று தெரிகிறது. ஆனால், இந்த நோய் வலிக்காது என்பது, இந்த நோய் வந்த நாய்க்கு எந்த வலியும் வராது என்ற பொருளில் சொல்லப்பட்டதன்று. பொம்மிக்குப் பதின்மூன்று வயது. அதற்குத் தோள்மூட்டும் முழங்கையும் மணிக்கட்டும் இருக்கின்றன. பின்னங்கால்களின் வேலையையும் சேர்த்து இப்போது அவைதான் செய்கின்றன.

நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. எடையைத் தாங்குவதில் முன்னங்கால்களுக்குப் பங்கு பெரிதென்றால், உந்தித் தள்ளுவதில் பின்னங்கால்களுக்கே பங்கு பெரிது. சக்கர வண்டி பின்னுடலின் எடையை ஏற்றுக்கொள்கிறது, உந்துவிசையைத் தருவதில்லை. எனவே ஓடத் தொடங்குவது, திரும்புவது, நிறுத்துவது, வாசற்படியின் சிறு மேட்டில் சக்கரத்தை ஏற்றுவது என எல்லாவற்றையும் முன்னங்கால்களே இழுத்துச் செய்கின்றன. காலை முதல் மாலை வரை இது நடந்தால், ஏற்கெனவே தேய்மானம் இருக்கக்கூடிய முழங்கையோ மணிக்கட்டோ இரவில் வலிப்பதில் வியப்பில்லை. அப்படியானால் பகலில் ஏன் ஓடுகிறது என்றால், வாசலில் ஆள் வந்தால் குரைப்பதும் கொல்லையில் மோப்பம் பிடிப்பதும் அதற்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆர்வம் வலியை மறக்கடிக்கும், நீக்காது. வீடு அடங்கி, கவனத்தைத் திருப்ப எதுவும் இல்லாத நேரத்தில் அது மேலே வருகிறது. பகலில் மட்டும் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கதையின் மறுபாதி இரவில்தான் இருக்கும்.

வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால்தான் நேரில் காட்டச் சொல்கிறேன். இதயக் கோளாறு, கஷிங் நோய் என்ற ஹார்மோன் கோளாறு, சுவாசத் தசைகள் தளர்வது ஆகியவற்றிலும் மூச்சு வாங்கும். முதிய நாய்களுக்கு மனிதர்களின் மறதிநோயை ஒத்த மூளைத் தளர்ச்சியும் வரும்; 2001-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டுக்கும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டுக்கும் அதன் அறிகுறிகளில் ஒன்றாவது காணப்பட்டது. இரவில் தூங்காமல் விழித்திருப்பது அந்த அறிகுறிகளில் ஒன்று. நக்குவதற்கோ, விரலிடுக்கில் ஒரு புண்ணோ, வண்டியின் வார் அக்குளில் உரசியதால் வந்த சிராய்ப்போகூடக் காரணமாக இருக்கலாம்.

மருத்துவரிடம் போவதற்கு முன் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். பொம்மி அமைதியாகப் படுத்திருக்கும்போது அருகில் உட்கார்ந்து, முதலில் இடது முன்னங்காலை எடுத்து, மணிக்கட்டை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பிறகு முழங்கை, பிறகு தோள். அதன் பின் வலது காலில் அதே வரிசையில் செய்யுங்கள். கத்துமா என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலான நாய்கள் கத்துவதில்லை. உங்கள் கண் அதன் முகத்தில் இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட மூட்டைத் தொடும்போது மட்டும் உதட்டை நக்கிக்கொள்கிறதா, காது பின்னால் படிகிறதா, மூச்சு ஒரு கணம் நிற்கிறதா, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கிறதா, காலை மெல்ல உருவிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்; மறுபடி அழுத்திச் சோதிக்க வேண்டாம். எந்த மூட்டு என்று குறித்துக்கொண்டு, இரவில் அது மூச்சு வாங்குவதைக் கைப்பேசியில் ஒரு சிறு காணொளியாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் மேசைமேல் நிற்கும் நாய்க்குப் பயம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், அந்தக் காணொளி எங்களுக்கு மிகவும் பயன்படும்.

இடையில் வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்களுக்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்; பூனை வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடக்கூடியது. நாய்களுக்கென்றே அளவு கணக்கிடப்பட்ட அழற்சி குறைப்பு மருந்துகள் உண்டு; சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று இரத்தப் பரிசோதனை செய்து, உங்கள் மருத்துவர் அவற்றைத் தொடங்கக்கூடும். அவற்றைக் கொடுத்துச் சில நாள்களில் இரவுத் தூக்கம் திரும்பினால், இதுவரை அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது வலிதான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் பூட்டி மாலையில் கழற்றுவது அதிகம். வண்டியில் இருக்கும் நாயால் படுக்க முடியாது. களைத்தாலும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஒரு நேரத்திற்கு இருபது முப்பது நிமிடம், நாளில் சில முறை, அதுவும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும், முன்னங்கால்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், தோள்மேல் வரும் வாருக்கும் உடலுக்கும் இடையே உங்கள் விரல் எளிதாக நுழைய வேண்டும். பின்பக்கம் உயர்ந்திருந்தாலோ சக்கரங்கள் மிகவும் பின்னால் இருந்தாலோ எடை முன்னால் சாய்ந்து முன்னங்கால்களில் இறங்கும். பல வண்டிகளில் அச்சைச் சற்று முன்னால் நகர்த்த வழி இருக்கும். அந்தச் சிறு மாற்றமே பெரிய நிம்மதியைத் தருவதுண்டு. சில மாதங்களுக்கு முன் அளவெடுத்த வண்டி இப்போதும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம், பின்னுடலின் தசைகள் வற்றி உடலின் வடிவமே மாறியிருக்கும். பொம்மியின் எடையும் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்த இரண்டு முன்னங்கால்களுக்குத்தான் போய்ச் சேரும்.

மற்றப் பராமரிப்பு முறைகளை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படுத்திருக்கும்போது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்; இடுப்பெலும்பு, முழங்கை ஆகிய இடங்களில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள்; சிறுநீர் முழுமையாக வெளியேறுகிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் தேங்கிய சிறுநீரில் தொற்று எளிதில் வரும். வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். கால்களுக்கு அன்றாடம் பயிற்சி கொடுப்பதற்குப் பயன் உண்டென்று நம்ப இடமிருக்கிறது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதே நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 22 நாய்களில், தீவிரமான இயன்முறைப் பயிற்சி பெற்றவை சராசரியாக 255 நாள்களும், மிதமான பயிற்சி பெற்றவை 130 நாள்களும், பயிற்சியே பெறாதவை 55 நாள்களும் வாழ்ந்தன. அது சிறிய ஆய்வு. எந்த நாய்க்கு எவ்வளவு பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையும் அன்று. ஆகவே அந்த எண்களை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும், இந்த நோய்க்கு எங்களிடம் மருந்து இல்லாத நிலையில், நான் அதைப் பரிந்துரைக்கவே செய்கிறேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பொம்மி மகிழ்ச்சியாக இருக்கிறதா?

வண்டியைக் கண்டதும் குரைத்துக் கூப்பிடுவது, ஆள் வந்தால் ஓடுவது, கொல்லையை முகர்ந்து திரிவது ஆகியவற்றை நீங்கள் கற்பனை செய்யவில்லை. இவை கண்ணுக்குத் தெரியும் நடத்தைகள். ஒரு நாய் தனக்கு வேண்டியதைத் தேடிப் போகிறது என்பதன் அடையாளங்கள். நாயின் மூக்கில் உள்ள வாசனை உணரிகள் இருபது கோடிக்கும் மேல், நமக்கோ அறுபது இலட்சம் அளவுக்கே. அதன் உலகில் பெரும்பகுதி மூக்கின் வழியாகவே வருகிறது. பின்னங்கால்கள் போனதால் அந்த உலகம் போய்விடவில்லை, அங்கே போய்ச் சேரும் வழிதான் அடைபட்டது. வண்டி அந்த வழியைத் திறந்துவிட்டது. அவ்வளவில் நீங்கள் செய்திருப்பது நல்ல காரியம், அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பொம்மி பழகிக்கொண்டதை உங்கள் அம்மா தைரியமாகப் பார்க்கிறார் போலும்; அதை அப்படி அழைப்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பதற்காக வண்டியில் ஏற மறுத்த நாயை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் அம்மா இவ்வளவு காலம் தடியைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் கூச்சமாகவோ, முதுமையை ஒப்புக்கொள்ள மனமில்லாததாகவோ இருந்திருக்கலாம். அவற்றை மீறித் தடியை எடுத்ததுதான் தைரியம். பொம்மிக்கு மீற வேண்டிய அந்தத் தடை இருந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. முதல் நாள்களில் அது முரண்டு பிடித்தது, ஏனெனில் உடலில் மாட்டிய பொருள் புதியது. மாட்டினால் கொல்லைக்குப் போகலாம் என்று தெரிந்ததும் முரண்டு போய்விட்டது. சொல்லப்போனால் உங்கள் வீட்டில் தைரியசாலி உங்கள் அம்மாதான், அதற்கான பாராட்டை அவர் பொம்மிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

பொம்மி பழகிக்கொண்டதற்குப் பின்னால் அதன் மனவலிமையைவிட உங்கள் வீட்டு ஏற்பாடுகள் மிகுதி. யாரோ அதற்கு அளவெடுத்தீர்கள், யாரோ தினமும் பூட்டிக் கழற்றுகிறீர்கள், உணவும் வெளியே போகும் நேரமும் மாறாமல் இருக்கின்றன. பார்வை இழந்த நாய்களிடம் இதை இன்னும் தெளிவாகக் காணலாம்: நாற்காலி இடம் மாறாத வீட்டில் அவை சில வாரங்களிலேயே முட்டாமல் மோதாமல் நடமாடும், ஒரு மேசையை இடம் மாற்றிப் போட்டால் மறுபடி தடுமாறும். உடலின் குறை அப்படியே இருக்க, வீடு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த நாய் இயலாததாகவோ இயல்பானதாகவோ தெரிகிறது. இது நாய்க்கு மட்டும் பொருந்துவதன்று என்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள்.

எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை தந்தது அம்மா சொன்ன வாக்கியம். "அது ஒரு வார்த்தை முனகுகிறதா? நானும் இனி முனகப்போவதில்லை." இந்த வரியையும், இரவில் நக்கும் முன்னங்காலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பொம்மி முனகவில்லை, ஆகவே வலி இல்லை என்று வீடே நினைத்தது. அதன் பொறுமையைக் கண்டு நெகிழ்ந்த அதே வாரங்களில்தான் அது தூக்கமின்றி எழுந்து உட்கார்ந்திருந்தது. ஒரு விலங்கின் மௌனத்தை நாம் போற்றத் தொடங்கினால், அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். பொம்மியால் சொல்ல முடியாது. அதனால்தான் காதின் அசைவையும் மூச்சையும் வைத்து நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவால் சொல்ல முடியும். சொல்ல முடிந்த ஒருவர், சொல்ல முடியாத ஒன்றைப் பார்த்துச் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வது எந்த வகையிலும் முன்னேற்றமில்லை. அவருடைய மருத்துவருக்கும் அவர் சொல்வதுதான் முதல் தடயம். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, படியில் ஏறும்போதா இறங்கும்போதா என்று அவரிடம் கேளுங்கள். "பொம்மியே பொறுத்துக்கொள்கிறது" என்று அவர் தொடங்கினால், பொம்மி பொறுத்துக்கொள்ளவில்லை, அதற்கும் இப்போது மருந்து கொடுக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாத்தாவின் தடி பற்றியும் ஒரு சொல். இது என் துறை இல்லை. ஆனால் பொருந்தாத வண்டி என்ன செய்யும் என்று மேலே எழுதிவிட்டு, பொருந்தாத தடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. அம்மா செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டால், தடியின் கைப்பிடி அவருடைய மணிக்கட்டு ரேகையின் உயரத்தில் இருக்க வேண்டும். உயரமான ஒருவருக்காகச் செய்த தடி தோளைத் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கும். வலி மிகுந்த முழங்கால் எதுவோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும்; பெரும்பாலானோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். நுனியில் உள்ள இரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மீதியை ஓர் இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

உறவினர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர்கள் அன்பில்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். சில நிமிடங்கள் வந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது வண்டியும் தொங்கும் கால்களுமே. மனிதர்களிடையே செய்த ஆய்வுகளிலும் இந்த இடைவெளி தெரிந்திருக்கிறது: தீவிரமான உடற்குறைபாட்டுடன் வாழ்பவர்களிடம் பேசி 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்த வாழ்க்கையைத் துயரமானது என்று எண்ணுகையில், அதை வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே வண்டியைப் பார்த்து வதை என்று முடிவு செய்வது அவசரம். அதேபோல் வண்டியில் ஓடுவதை மட்டும் பார்த்து எல்லாம் நலம் என்று முடிவு செய்வதும் அவசரமே. உறவினர்களின் பிழையும் உங்கள் வீட்டின் பிழையும் ஒரே வகையைச் சேர்ந்தவை: இரு தரப்புமே கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வேறு எதைப் பார்ப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் வகுத்த அதில் ஏழு கேள்விகள் உண்டு: வலியும் மூச்சுத் திணறலும் கட்டுக்குள் இருக்கின்றனவா, போதுமான அளவு உண்கிறதா, உடலில் நீர்ச்சத்து இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, சுற்றியிருப்பவற்றில் நாட்டம் காட்டுகிறதா, நடமாட முடிகிறதா, கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால், 35-க்கு மேல் வரும்வரை பராமரிப்பைத் தொடர்வதில் நியாயம் இருக்கிறது என்பது அவர் கருத்து. நடமாட்டம் ஏழில் ஒன்றுதான், அதிலும் வண்டியின் உதவியோடு நடமாடுவதற்கும் மதிப்பெண் உண்டு என்பதைக் கவனியுங்கள். வலியும் மூச்சும் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். இன்று பொம்மிக்கு நீங்கள் மதிப்பெண் போட்டால் மற்ற ஆறிலும் நன்றாகவே வரும், முதலாவதில் குறையும் என்று உங்கள் கடிதத்தை வைத்து நினைக்கிறேன். அது சரிசெய்யக்கூடிய குறையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. எனவே ஊசி போடும் பேச்சுக்கு இப்போது இடமில்லை. வலிக்கு மருந்து கொடுக்கும் பேச்சுக்குத்தான் இடம்.

நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பதின்மூன்று வயது நாயைத் தூக்கி, துடைத்து, பக்கம் மாற்றி, இரவில் அது எழும்போதெல்லாம் எழுந்து, கூடவே அம்மாவையும் பார்த்துக்கொள்வது ஒருவருக்கு அதிகமான வேலை. நாள்பட்ட நோயுள்ள செல்லப்பிராணிகளை வளர்ப்பவர்களையும் நலமான பிராணிகளை வளர்ப்பவர்களையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் வகையினரிடம் பராமரிப்புச் சுமையும் மன அழுத்தமும் சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உரிய அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. களைப்பாக இருக்கிறது என்று சொல்வதால் பொம்மிமேல் உங்களுக்குள்ள அன்பு குறைந்துவிடாது. இரவு முறையையாவது வீட்டில் வேறொருவருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். உதவி கேட்பதில் உங்கள் நாய்க்கு இருக்கும் தயக்கமின்மை உங்களுக்கும் வரட்டும்.

இந்த நோய் இங்கேயே நிற்காது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. காலப்போக்கில் தளர்ச்சி முன்னங்கால்களுக்கும் ஏறும். நான்கு சக்கர வண்டி சிறிது காலம் உதவலாம். அதற்குப் பிறகு எழுந்து உட்காரவும், பின்னர் மூச்சு விடவும் சிரமம் வரும். அந்தக் கட்டம் வரை காத்திருக்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. முடிவெடுக்க வேண்டிய நாளில் மனம் தெளிவாக இருக்காது என்பதால், இப்போதே, பொம்மி நன்றாக இருக்கும்போதே, அது விரும்பிச் செய்யும் செயல்களில் நான்கைந்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வாசலில் ஆள் வந்தால் குரைப்பது, கொல்லையின் எந்த மூலைக்கு முதலில் போகும் என்பது, தட்டு வைக்கும் ஓசைக்குத் தலை தூக்குவது போன்றவை. மாதம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்து, இன்னும் எவை மீதமிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவற்றை அது விட்டுவிட்டால், அல்லது மருந்து கொடுத்தும் இரவுகள் சீராகாமல் போனால், மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தப் பட்டியலை நீங்கள் மட்டும் எழுதாதீர்கள். பகல் முழுவதும் பொம்மியோடு வீட்டில் இருப்பவர் உங்கள் அம்மா என்று தோன்றுகிறது. அதற்கு எது பிடிக்கும், எதை அண்மையில் விட்டுவிட்டது என்று அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.